அமாவாசைக்கு மறுநாள் மயில்

அத்தியாயம் 3

மயிலுக்கு மூக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது ஆரணியில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மேசைமேல் விரித்திருந்த கல்யாணப் பட்டின் முந்தானையில், வரிசையாக நின்ற மயில்கள் அத்தனைக்கும் மூக்கு முதுகில் முளைத்திருந்தது.

"முதுகு அரிச்சா சொறிஞ்சிக்க வசதியா இருக்கும் மேடம்," என்றான் வீரன்.

சுபத்ரா முறைத்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் காயம் காட்டிப் பணம் கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்திருந்தாள். வீரன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். ஊரே செல்போனுக்கு மாறியதும் கடையை மூடிவிட்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். கடையைத்தான் மூடினான், வாயை அல்ல.

"சிரிக்காதப்பா," என்றாள் டிசைன் சென்டர் முதலாளி ரேணுகாம்பாள். "கல்யாணப் பொண்ணு வூட்டுக்காரங்க பாத்துட்டு, இது மயிலா மரங்கொத்தியான்னு கேட்டாங்களாம். தனக்கோடி அண்ணன் தலை குனிஞ்சி நின்னாரு."

பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் வீடு வீடாகத் தறிக்கு வேலை கொடுக்கும் தனக்கோடி, தலை குனிந்து நின்ற அலுப்பு இன்னும் தீராதவராக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நெசவாளர்கள் போடும் பூவும் மயிலும் இந்தக் கடையில்தான் பிறக்கின்றன. கம்ப்யூட்டரில் படம் போட்டால், பக்கத்தில் இருக்கும் மிஷின் அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்தும். அந்த அட்டையைத் தறிமேல் மாட்டினால், எந்த ஓட்டைக்கு எந்த இழை எழும்ப வேண்டுமோ அது எழும்பும். ஓட்டை இடம் மாறினால் மூக்கும் இடம் மாறும்.

"டிசைன கெடுக்கச் சொல்லி யாரு இவளுக்குக் காசு குடுத்தது, அத மட்டும் கண்டுபுடிச்சி சொல்லுங்க மேடம்," என்று ரேணுகாம்பாள் மூலையைக் கை காட்டினாள். "வெளக்கு வைக்கறதுக்குள்ள இவள அனுப்பிடணும்."

மூலையில், டிசைன் போடும் பானுப்ரியா உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, இனி அழுவதற்குத் தெம்பில்லாத முகம். போட்டி வியாபாரி ஒருவனிடம் விலைபோய் வேண்டுமென்றே டிசைனைக் கெடுக்கிறாள் என்ற பேரோடு இங்கிருந்து படியிறங்கினால், ஆரணியில் எந்தக் கடையிலும் அவளுக்கு நாற்காலி கிடைக்காது. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஸ்கிரீன்ல சரியாதான் இருந்திச்சி மேடம். அட்டையிலதான் தப்பா வருது," என்றாள். "சொன்னா யாரும் நம்ப மாட்டறாங்க."

"எப்படி நம்பறது?" ரேணுகாம்பாள் வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். "மாசம் முழுக்க ஒழுங்கா வரும். அமாவாசைக்கு மறுநாள் மட்டும் பேஜார். நாலஞ்சி மாசமா இதே கூத்து. இன்னிக்கும் காலையில அதே மாரி. இன்னொண்ணு கேளுங்க. பொழுதன்னிக்கும் டீ டீன்னு ஓடறவ, தப்பு வர்ற நாள்ல மட்டும் ஒரு வாய் டீ குடிக்கறதில்ல. மனசுல கள்ளம் இருந்தா தொண்டையில டீ எறங்குமா?"

"அப்ப காபி குடிக்கறவன் எல்லாம் அக்யூஸ்ட்டா?" வீரன் முணுமுணுத்தான். அவன் காபி குடிப்பவன்.

சுபத்ரா எழுந்தாள். "வா வீரா. டீ குடிச்சிட்டு வரலாம்."

"மேடம், நான் காபி..."

"இன்னிக்கு டீ."

எதிர்ச்சாரியில் ஜெயம் டீக்கடை. அதற்குப் போகும் வழியில் தெருவுக்குக் குறுக்கே ஒரு பிறந்தநாள் ஃபிளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட இளைஞன் ஒருவன், பின்னால் பாய்கிற சிங்கம், கீழே 'கணினிச் சிங்கம் பாலமுருகன்' என்று கொட்டை எழுத்து. மழையில் சிங்கத்தின் வால் கிழிந்து பாலமுருகனின் காதில் ஆடிக்கொண்டிருந்தது.

"யாருக்கா இந்தச் சிங்கம்?" வீரன் கிளாஸை வாங்கிக்கொண்டே கேட்டான்.

ஜெயம் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆரணியில் ஒரு விஷயம் ஊர் முழுக்கப் போய்ச் சேர வேண்டுமானால் தண்டோரா போடத் தேவையில்லை, ஜெயத்தின் காதில் போட்டால் போதும். "ரேணுகாம்பாவோட பையன். செய்யாறு பக்கம் கம்பெனில வேல. மூணு வருசத்துக்கு மின்ன அந்தக் கம்ப்யூட்டரு செத்துடுச்சி, மெட்ராஸ் மெக்கானிக்கே தூக்கிப் போடுன்னுட்டான். இந்தப் பையன் கதவ சாத்திகினு உள்ள போனான், சரி பண்ணிட்டு வந்துட்டான். அதுலேர்ந்து அவங்கம்மா கால் தரையில படறதில்ல."

"பானு இங்கதான் டீ குடிக்குமா?" என்றாள் சுபத்ரா.

"பாவம்ங்க அந்தப் பொண்ணு. அதுக்கு டீ மேல ஆச இல்ல. அந்தக் கம்ப்யூட்டரு ஆமை. பட்டன தட்டிட்டு இங்க வந்து நிக்கும். பொறுமையா குடிச்சி, என்கிட்ட நாலு கத கேட்டுட்டு போனாகூட மயிலு பாதிதான் வந்திருக்கும்."

"அமாவாசைக்கு மறுநாள் ஏன் வராது?"

"நானும் கேட்டேன். 'இன்னிக்கு குதிர மாரி ஓடுதுக்கா, எழுந்துக்கவே நேரமில்ல'ன்னிச்சி. அதுக்கு அடுத்த நாளே மறுபடி வந்து நிக்கும். ஆமை ஆயிடுச்சின்னு அர்த்தம்."

சுபத்ரா கிளாஸைக் கீழே வைத்தாள். பாதி டீ அப்படியே இருந்தது. வீரன் அதையும் எடுத்துக் குடித்தான், காபிக்காரனாக இருந்தாலும் வீணாக்கக் கூடாது என்று.

"வீரா, சரியா வேலை செய்யுற நாள்ல ஆமை. தப்பு பண்ணுற நாள்ல குதிரை. என்ன தோணுது?"

வீரனுக்குத் தோன்றியது. தோன்றியதும் முதுகு நிமிர்ந்தது. மூடிப்போன கடையின் ஷட்டரை மறுபடி ஏற்றிவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். "மேடம், எனக்கு அந்தப் பொட்டியத் தொறந்து பாக்கணும். ஜல்தி."

சுபத்ரா திரும்பி வந்ததும், தனியாகப் பானுவை விசாரிக்க வேண்டும் என்று சொல்லி ரேணுகாம்பாளையும் தனக்கோடியையும் முன்கடையில் உட்கார வைத்தாள். உள் அறைக் கதவு சாத்தப்பட்டது. கம்ப்யூட்டர் அந்தக் காலத்துச் சாமான், மஞ்சள் பூத்த பெட்டி. அட்டை குத்தும் மிஷினின் இணைப்பு இந்த மதர்போர்டில் மட்டும்தான் பொருந்தும் என்பதால் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தது.

"அமாவாசைக்கு மறுநாள் ஆன் பண்ணா மொதல்ல இன்னா வரும்?" என்று கேட்டான் வீரன்.

"கறுப்பா இங்கிலீஷ்ல ஏதோ எழுத்து வரும்ணா. எஃப் ஒன் அமுத்தச் சொல்லும். அமுத்துவேன், போயிடும். தேதி மட்டும் எந்தக் காலத்துதோ காட்டும். நான் பொறக்கறதுக்கு மின்ன இருந்த தேதிகூட ஒருவாட்டி வந்திச்சி."

"அமாவாசை அன்னிக்கு இதுக்கு என்ன ஆகும்?" என்றாள் சுபத்ரா.

"அன்னிக்கு ஊர்ல தறி ஓடாதே. அம்மா இதுக்கும் லீவு வுட்டுடுவாங்க. மத்த நாள்ல நான் ஆஃப் பண்ணிட்டு போனாலும் செவுத்து சுவிட்ச் போட்டாப்பலயே இருக்கும். கரண்ட் போனா யூபிஎஸ் தாங்கும். அமாவாசைக்கு மட்டும் மெயினு, யூபிஎஸ்ஸு எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, சந்தனம் குங்குமம் வச்சி, கற்பூரம் காட்டுவாங்க. பாவம், அதுவும் ஒரு நாள் கண்ண மூடட்டும்னு."

வீரன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே கற்பூர வாசனை அடித்தது. ப்ராசஸரின் விசிறி நடுவில் குங்குமப் பொட்டு. ஒரு கரப்பான் பூச்சி எட்டிப் பார்த்தது, பேருக்கு ஏற்ற வீரன் ஓரடி பின்வாங்கினான். பானு அதைக் கையால் தட்டிவிட்டாள்.

"இதோ பாருங்க மேடம், இந்தப் பொத்தான் பேட்டரி செத்து மாசக்கணக்கா ஆவுது. கரண்ட் இருக்கற வரைக்கும் பரவால்ல. மெயின ஆஃப் பண்ணா பொட்டிக்கு எல்லாம் மறந்துடும். மறுநாள் எழுந்ததும், கம்பெனில இருந்து வந்தப்ப எப்படி இருந்திச்சோ அந்த செட்டிங்குக்குப் போயிடும். எஃப் ஒன் கேக்கறது அதத்தான்."

"மறதிக்கும் மயில் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?"

வீரன் போர்டின் மேல் வரிசையாக இருந்த கறுப்புச் சிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டான். மூன்றாவதில் கையை உதறினான். "ஆ! தோசைக்கல்லு! மேடம், சமையல்ல அஞ்சறைப்பெட்டி இருக்குதில்ல? ஒவ்வொரு கடுகுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடாம, அடுப்பு பக்கத்துலயே வச்சிகினு எடுத்துப் போடறதுக்கு? ப்ராசஸருக்கு அந்த அஞ்சறைப்பெட்டிதான் இந்த கேச் மெமரி. இருந்தா வேலை குதிர வேகம். ஆனா இதுல ஒரு அறை கெட்டுப் போச்சி. கடுகு கேட்டா சீரகம் வருது. சாம்பார் எப்படி வரும்?"

"அஞ்சறைப்பெட்டியத் தூக்கி வச்சிட்டா?"

"ஸ்டோர் ரூமுக்கு நடந்து நடந்து சமைக்கணும். லேட்டாவும். ருசி மாறாது. நம்ம ஆமை அதான். பொட்டி மறந்து கம்பெனி செட்டிங்குக்குப் போனா, அந்தக் கெட்ட அஞ்சறைப்பெட்டி திரும்ப அடுப்பு பக்கம் வந்துடுது, அதான் குதிரை."

"வாயால சொன்னா போதாது. காட்டு."

பானு ஒரே மயிலை இரண்டு முறை குத்தினாள். கம்ப்யூட்டர் பறந்தது. இரண்டு அட்டையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே மயில் என்றால் ஓட்டைமேல் ஓட்டை உட்கார்ந்து வெளிச்சம் நேராக வர வேண்டும். பல இடங்களில் வெளிச்சம் அடைபட்டிருந்தது.

வீரன் கம்ப்யூட்டரைத் திரும்ப ஸ்டார்ட் செய்து, டெலிட் பட்டனைத் தட்டி, செட்டிங் மாற்றும் செட்டப் பக்கத்துக்குள் நுழைந்தான். கேச் என்ற வரியில் அதை நிறுத்தி வைத்தான். இந்த முறை மயில் வருவதற்குள் அவன் தன் கடை மூடிய சோகக் கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டான். புதிதாக வந்த இரண்டு அட்டைகளையும் பானு சேர்த்துப் பிடித்தாள். எல்லா ஓட்டையிலும் வெயில் பளிச்சென்று வந்தது.

அவள் அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தான் பைத்தியம் இல்லை, தன் கண்ணும் கையும் பொய் சொல்லவில்லை என்று இப்போதுதான் அவளுக்கே உறுதியாயிற்று.

"கேஸ் முடிஞ்சிது," வீரன் கையைத் தட்டிக்கொண்டான். "குற்றவாளிங்க ரெண்டு பேரு. ஒரு செத்த பேட்டரி, ஒரு கிறுக்குப் புடிச்ச சிப்பு. சின்ன சைஸ்ல வெலங்கு கெடைச்சா மாட்டிடலாம்."

"முடியலை," என்றாள் சுபத்ரா. "அமாவாசைக்கு அப்புறம் அதுவா குதிரையாச்சு. சரி. அடுத்த நாளே அதை மறுபடி ஆமையாக்கினது யாரு? பெட்டிக்கு மறக்கத்தான் தெரியும். தானா போய் செட்டிங்கை மாத்தத் தெரியுமா?"

வீரன் திரும்பிப் பானுவைப் பார்த்தான்.

"தப்பு வந்ததும் அம்மா பாலமுருகன் அண்ணாவுக்கு போன் போடுவாங்க," என்றாள் பானு மெதுவாக. "ஷிப்ட் முடிஞ்சி கம்பெனி பஸ்ல வருவாரு. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு கதவ சாத்திப்பாரு. கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்த வெளிய வந்து, 'கம்ப்யூட்டர் நல்லாதான் இருக்குதும்மா, ஆளுதான் சரியில்ல'ம்பாரு. அதுக்கப்புறம் சரியா வரும். இன்னிக்கும் வராரு."



"அவனுக்கு விஷயம் தெரிஞ்சே சொல்றானா, தெரியாம ஏதோ தட்டிட்டு சொல்றானா? தெரியாம சொன்னா முட்டாள். தெரிஞ்சே சொன்னா வேற," என்றாள் சுபத்ரா. "வீரா, கடிகாரக் கடையில புது பேட்டரி வாங்கிப் போடு. கேச்சை முன்ன இருந்த மாதிரியே ஓட விடு. அப்புறம்..."

அவள் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். வீரனின் முகம் ஆடிக்கிருத்திகையில் காவடி பார்த்தவன் முகம் போல மலர்ந்தது.

"மேடம், நீங்க போலீஸ்ல சேராததுனால தப்பிச்சவன் எத்தினி பேரோ!"

சாயங்காலம் கம்பெனி பஸ் முக்கில் நின்றது. பாலமுருகன் கழுத்தில் அடையாள அட்டை ஊசலாட இறங்கி வந்தான். ஃபிளெக்ஸில் இருந்த கூலிங் கிளாஸும் சிங்கமும் இல்லாமல் பார்த்தால், தூக்கம் போதாத சாதாரணப் பையன்.

"வந்துட்டான் என் புள்ள!" ரேணுகாம்பாள் எழுந்து நின்றாள். "தம்பி, இவங்க துப்பறியறவங்க. காலையிலேர்ந்து பாத்துகினு இருக்காங்க."

"துப்பறிய இன்னாமா இருக்குது? பொட்டி நல்லாதான் இருக்கும்," என்றான் அவன், பானுவின் பக்கம் திரும்பாமல். "எல்லாரும் வெளிய இருங்க. ஒரு வாட்டி பாத்துட்றேன்."

கதவு சாத்தப்பட்டது. ரேணுகாம்பாள் பெருமையோடு தனக்கோடியைப் பார்த்தாள். வீரன் நகத்தைக் கடித்தான். உள்ளே கம்ப்யூட்டர் 'பீப்' என்று கத்தியது. சற்று நேரத்தில் மறுபடி 'பீப்'. மறுபடியும். பிறகு கதவு படாரென்று திறந்தது.

"எவன் பாஸ்வேர்டு போட்டது?"

சுபத்ரா ஒன்றும் தெரியாதவள் போலப் புருவத்தை உயர்த்தினாள். "பாஸ்வேர்டா? பானு, உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லீங்களே. இப்ப அண்ணா வர்றதுக்கு மின்னகூட ஆன் பண்ணி டிசைன் போட்டேனே."

"பாத்தீங்களா சார்," வீரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "இந்த வூட்டுக்கு வாசக்கதவு ஒண்ணு, கொல்லைக்கதவு ஒண்ணு. டிசைன் போடறவங்க வாசல் வழியா வருவாங்க, அங்க பூட்டு இல்ல. செட்டப்புக்குப் போற கொல்லைக்கதவுக்கு மட்டும்தான் நான் பூட்டு போட்டேன். நீங்க மயிலக்கூட எட்டிப் பாக்காம நேரா கொல்லைக்குப் போயிருக்கீங்க. மூணு வாட்டி தட்டிப் பாத்திருக்கீங்க. பொட்டி நல்லாருக்குதுன்னு சொல்றவரு அங்க இன்னாத்துக்கு போனீங்க?"

"சும்மா... செக் பண்ண..."

சுபத்ரா காலையில் குத்திய இரண்டு அட்டைகளை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். "தனக்கோடி அண்ணே, இது கேச் ஓடும்போது குத்தின ஒரே மயில். பாருங்க." பிறகு அடுத்த இரண்டையும் பிடித்தாள். "இது அதை நிறுத்தினப்புறம்."

அட்டை பார்த்தே தலை நரைத்தவர் தனக்கோடி. ஒரு பார்வை போதுமாக இருந்தது. "இது பொட்டி பண்ண வேலை," என்றார். "பொண்ணு பண்ணது இல்ல." பிறகு பாலமுருகன் பக்கம் மெல்லத் திரும்பினார். "உனக்குத் தெரியுமா தம்பி?"

பாலமுருகனின் தோள் இறங்கியது. "நான் ரிப்பேரே பண்ணல," என்றான். "மூணு வருசத்துக்கு மின்ன அந்த கேச்ச நிறுத்தி வச்சேன், ஓடிச்சி. அவ்ளோதான். அதுக்குள்ள அம்மா ஊர் பூரா சொல்லிட்டாங்க. ஃபிளெக்ஸ் வச்சாங்க. மறுபடி கெட்டுப் போச்சின்னு எந்த மூஞ்சிய வச்சிகினு சொல்றது?"

"அதுக்கு?" ரேணுகாம்பாளின் குரல் கிழிந்தது. "உன் மூஞ்சிய காப்பாத்த, ஒரு பொண்ணு மூஞ்சில கரி பூச சொன்னியா? நானும் பூசினேனே! பெத்தவ நான், உன்னக் கேக்காம அவளக் கேட்டேனே!" அவளுக்கு வெட்கமாக இருந்தது. மகனுக்காகப் பாதியும் தனக்காகப் பாதியுமாக இருந்த அந்த வெட்கத்தில், புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "பானு, எம்மா, நீ போவாத. நான் தப்பு பண்ணிட்டேன்."

பானு உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வீரன் அவள் காதில் பாஸ்வேர்டைச் சொன்னான். அவள் தட்டினாள், கொல்லைக்கதவு திறந்தது. கேச்சை நிறுத்தி, சேமித்து, மயிலை வரவழைக்கும் பட்டனையும் தட்டினாள். திரையில் ஆமை நகரத் தொடங்கியது.

"நான் போவலமா," என்றாள். "ஆனா என் பேரு முள்ளிப்பட்டு வரைக்கும் போயிடுச்சி. அண்ணா இந்த ரூமுக்குள்ள ஒத்துகினா அது இந்த ரூமோட நின்னுடும்."

"இன்னா பண்ணணும், சொல்லு," என்றார் தனக்கோடி.

பானு பாலமுருகனைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாக அவள் குரல் நடுங்கவில்லை.

"மயிலு வர நேரமாவும்ணா. ஜெயம் அக்கா கடையில எனக்கு ஒரு டீ வாங்கினு வாங்க. யாருக்குன்னு கேப்பாங்க. நீ ஏன் வாங்கறன்னும் கேப்பாங்க. சொல்லிட்டு வாங்க."

பாலமுருகன் அம்மாவைப் பார்த்தான். ரேணுகாம்பாள் அலமாரியிலிருந்து டீ வாங்கும் தூக்குப் பாத்திரத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். கம்பெனி பஸ்ஸில் இறங்கிய கூட்டம் டீக்கடையில் மொய்த்துக்கொண்டிருந்தது. பாலமுருகன் தன்னுடைய ஃபிளெக்ஸுக்கு அடியில் குனிந்து தெருவைக் கடந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயத்தின் முன்னால் போய் நின்றான், தூக்கை நீட்டினான், ஏதோ சொன்னான். ஜெயத்தின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

பிறகு அவள் குரல் இந்தப் பக்கம் வரைக்கும் கணீரென்று கேட்டது.

"நல்லா சத்தமா சொல்லுப்பா. பாய்லர் எரையுது, காதுல வுழல."